வரலாற்று வியூக விளையாட்டுகளும் தொலைக்காட்சியும்

பழங்காலப் போர்களையும் பேரரசுகளையும் பின்புலமாகக் கொண்டு உருவாக்கப்படும் கணினி விளையாட்டுகள் வரலாற்று வியூக விளையாட்டுகள் எனப்படுகின்றன. இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர் பல வகைகளில் கைகோத்துச் செயல்பட்டு வந்துள்ளன. விளையாட்டின் மென்பொருளைக் கொண்டு தொலைக்காட்சித் தொடர்கள் எடுக்கப்பட்டன. தொலைக்காட்சி சேனலின் பெயரைத் தாங்கி விளையாட்டுகள் விற்பனைக்கு வந்தன. தொலைக்காட்சிக் குழுமம் ஒன்று விளையாட்டு நிறுவனத்தையே விலைக்கு வாங்கியதும் உண்டு. இக்கூட்டணிகள் எவ்வாறு இயங்கின, இரு தரப்பும் அடைந்த பயன் என்ன, இடையில் வரலாற்றுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வியூக விளையாட்டு என்பது யாது?

கணினி விளையாட்டுகளில் பல வகைகள் உண்டு. சிலவற்றில் விளையாடுபவர் ஒரு தனி வீரராக ஓடுவார், தாண்டுவார், சுடுவார். வியூக விளையாட்டில் அவர் படைத்தலைவர் அல்லது அரசர் இடத்தில் இருப்பார். எந்தப் படையை எங்கே நிறுத்துவது, எந்த நகரில் என்ன கட்டுவது, யாரோடு உடன்படிக்கை செய்வது போன்ற முடிவுகளை எடுப்பதே விளையாட்டு. சதுரங்கத்தின் விரிந்த வடிவம் என்று இதனைக் கருதலாம்.

இவ்வகையில் புகழ்பெற்ற தொடர்கள் சில உள்ளன. அமெரிக்காவில் உருவான 'சிவிலைசேஷன்' தொடரின் முதல் விளையாட்டு 1991-இல் வந்தது. அங்கேயே உருவான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' 1997-இல் வெளியானது. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2000-இல் ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலத்தை வைத்து 'ஷோகன்: டோட்டல் வார்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பின்னர் வந்த 'ரோம்: டோட்டல் வார்' இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது. அதில் கி.மு. 270 தொடங்கி ரோமானிய வரலாறு விரிகிறது. ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே நேரத்தில் திரையில் முப்பரிமாண உருவங்களாக நின்று போரிட்டார்கள். அக்காலத்தில் இது பெரிய புதுமை.

இரு துறைகளும் ஏன் சேர்ந்தன?

ஒரு போரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நூற்றுக்கணக்கான துணை நடிகர்களுக்குக் கவசம் அணிவித்து, குதிரைகளோடு படம் பிடிக்கலாம். அதற்குச் செலவு மிக அதிகம். வரைபடத்தில் அம்புக்குறிகளை நகர்த்திக் காட்டலாம். அது சிக்கனமானது, ஆனால் பார்ப்பவர்களுக்கு விரைவில் சலித்துவிடும். திரைப்படத் தரத்தில் கணினி அசைவூட்டம் செய்யலாம். அதற்குப் பணமும் நாளும் ஏராளமாகத் தேவை.

விளையாட்டு நிறுவனத்திடமோ இந்தப் படைகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. வாள், கேடயம், ஈட்டி, யானை, குதிரை என எல்லாம் கணினிக்குள் உருவாக்கப்பட்டு, நினைத்தபடி நகர்த்தக்கூடிய நிலையில் இருந்தன. மலையும் ஆறும் அமைத்து, படைகளை நிறுத்தி, வேண்டிய கோணத்தில் பதிவு செய்தால் போதும். தொலைக்காட்சிக்கு வேண்டிய காட்சி குறைந்த செலவில் கிடைத்துவிடும்.

விளையாட்டு நிறுவனத்துக்கும் ஆதாயம் உண்டு. கணினி விளையாட்டு என்றால் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. வரலாற்று நிகழ்ச்சியில் அறிஞர் ஒருவர் பக்கத்தில் அந்த விளையாட்டின் காட்சி ஓடினால், அதற்கு ஒரு மதிப்பு வந்து சேரும். விளம்பர இடைவேளையில் காசு கொடுத்து ஓட்டும் முப்பது நொடிப் படத்தால் அந்த மதிப்பைப் பெற முடியாது. மேலும், வரலாற்று நிகழ்ச்சியை விரும்பிப் பார்ப்பவர்களில் பலர் வரலாற்று விளையாட்டையும் விரும்பக்கூடியவர்கள். வாடிக்கையாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தார்கள்.

டைம் கமாண்டர்ஸ்

இந்தக் கூட்டுறவுக்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு, பிபிசி 2 அலைவரிசையில் 2003-இல் தொடங்கிய 'டைம் கமாண்டர்ஸ்' என்னும் நிகழ்ச்சி. லயன் டெலிவிஷன் என்ற நிறுவனம் இதனைத் தயாரித்தது. 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டுக்காக எழுதப்பட்டுவந்த மென்பொருளைக் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுத்தது.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. ஒரே பணியிடத்தைச் சேர்ந்தவர்கள், நண்பர்கள் என நால்வர் கொண்ட ஓர் அணி வரும். பழங்காலப் போர் ஒன்றில் ஒரு தரப்புக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படும். இருவர் தளபதிகளாக வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடுவார்கள். மற்ற இருவர் அவர்களுக்குக் கீழே இருந்து படைப்பிரிவுகளுக்கு ஆணையிடுவார்கள். கணினியைத் தொழில்நுட்பப் பணியாளர்களே இயக்குவார்கள். எனவே விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்களும் கலந்துகொள்ள முடிந்தது. போர்க்கலை வல்லுநர்கள் ஒருபுறம் இருந்து, அணியினரின் ஒவ்வொரு முடிவையும் அலசுவார்கள். இறுதியில், உண்மையான போர் எப்படி நடந்தது என்று விளக்குவார்கள்.

இதில் கல்விக்குரிய ஒரு நன்மை இருந்தது. கி.மு. 218-இல் திரெபியா ஆற்றங்கரையில் ஹன்னிபால் ரோமானியப் படையை வென்றார் என்று பாடநூலில் படிப்பது ஒரு வகை. அந்த இடத்தில் நின்று, 'ஆற்றைக் கடக்கலாமா, கூடாதா?' என்று முடிவு செய்ய முனைவது வேறு வகை. திட்டம் போடுவது எளிது, ஆணை உரிய நேரத்தில் உரியவரிடம் போய்ச் சேர்வது கடினம் என்பதை அணியினர் தங்கள் குழப்பத்தின் மூலமாகவே உணர்ந்தார்கள். வரைபடத்தைப் பார்ப்பவர் ஒன்று சொல்ல, களத்தைப் பார்ப்பவர் வேறொன்று செய்ய, வெற்றி கைநழுவிப்போன அணிகள் உண்டு. பழங்காலத் தளபதிகளின் சிக்கலும் அதுதான்.

முதல் தொடரை எடி மேர் தொகுத்து வழங்கினார். 2005-இல் வந்த இரண்டாம் தொடரை ரிச்சர்ட் ஹேமண்ட் நடத்தினார். நீண்ட இடைவெளிக்குப் பின் 2016-இல் பிபிசி 4 அலைவரிசையில் கிரெக் வாலஸ் தொகுத்து வழங்க இந்நிகழ்ச்சி மீண்டும் வந்தது. அப்போது இரண்டு அணிகள் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டன.

சந்தைப்படுத்தல் நோக்கில் இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. நிகழ்ச்சி 2003-இல் ஒளிபரப்பானது. 'ரோம்: டோட்டல் வார்' கடைகளுக்கு வந்ததோ 2004 செப்டம்பரில். அதாவது, விளையாட்டு விற்பனைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே அதன் காட்சிகளை மக்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் பார்த்துவிட்டார்கள். பிபிசி பொதுமக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம். பிரிட்டனில் அதன் அலைவரிசைகள் விளம்பரங்களை ஏற்பதில்லை. வணிகப் பொருள் எதனையும் தேவைக்கு மேல் முன்னிறுத்தக் கூடாது என்பதும் அதன் விதி. ஆகவே இந்நிகழ்ச்சியை விளம்பரம் என்று சொல்ல இயலாது. எனினும், விளம்பரத்தால் கிடைக்கக்கூடிய பயனில் ஒரு பகுதி தானாகவே கிடைத்தது என்பதை மறுக்கவும் இயலாது.

டிசைசிவ் பேட்டில்ஸ்

அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனல் 2004-இல் 'டிசைசிவ் பேட்டில்ஸ்' என்ற தொடரை ஒளிபரப்பியது. இதில் போட்டியாளர்கள் இல்லை. இது நேரடியான ஆவணப்படத் தொடர். தொகுப்பாளர் மாத்யூ ஃபோர்டு போர் நடந்த இடங்களிலிருந்து விளக்கம் அளிப்பார், வரலாற்று அறிஞர்கள் கருத்துரைப்பார்கள். போர்க்காட்சிகள் 'ரோம்: டோட்டல் வார்' மென்பொருளால் உருவாக்கப்பட்டவை. கன்னே, காகமேலா, தெர்மோபிலே போன்ற போர்கள் இதில் இடம்பெற்றன.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. 'டைம் கமாண்டர்ஸ்' பார்ப்பவருக்கு, திரையில் காண்பது ஒரு விளையாட்டு என்பது தெளிவாகத் தெரியும். போரின் முடிவு வரலாற்றிலிருந்து மாறக்கூடும் என்பதும் தெரியும். 'டிசைசிவ் பேட்டில்ஸ்' தொடரிலோ அதே காட்சிகள் 'நடந்தது இதுதான்' என்னும் தொனியில் வந்தன. ஒரே மென்பொருள் ஓரிடத்தில் கேள்வியாகவும் மற்றோரிடத்தில் சான்று போலவும் பயன்பட்டது.

சேனலின் பெயரில் வந்த விளையாட்டுகள்

மேற்கண்ட இரண்டும் விளையாட்டிலிருந்து தொலைக்காட்சிக்குச் சென்றவை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. ஹிஸ்டரி சேனல் 1995-இல் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் 'வரலாறு என்றால் இந்தச் சேனல்' என்று அமெரிக்க வீடுகளில் அதன் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரையும் சின்னத்தையும் விளையாட்டு நிறுவனங்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தொகை பெறும் முறை உருவானது. இதற்குப் பெயர் உரிமம் வழங்குதல் என்று பெயர். பள்ளிப் பைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் திரைப்படக் கதாபாத்திரங்களின் உருவம் அச்சிடப்படுவதும் இதே முறையில்தான்.

இங்கிலாந்தின் ஸ்லிதரின் நிறுவனம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பழங்காலப் போர்களையே பெரிதும் கருப்பொருளாகக் கொண்ட சிறிய நிறுவனம் அது. அந்நிறுவனம் உருவாக்கிய 'கிரேட் பேட்டில்ஸ் ஆஃப் ரோம்' என்னும் விளையாட்டு 2007-இல் ஹிஸ்டரி சேனலின் பெயரோடு வெளியானது. போர்களுக்கு இடையே சேனலின் காட்சித் துண்டுகள் வந்து வரலாற்றுப் பின்னணியை விளக்கின. அடுத்த சில ஆண்டுகளில் 'கிரேட் பேட்டில்ஸ் மெடிவல்', 'எகிப்து: எஞ்சினியரிங் ஆன் எம்பயர்' ஆகிய விளையாட்டுகளும் அதே கூட்டணியில் வந்தன. இவற்றில் பின்னதன் தலைப்பு, அந்தச் சேனலில் 2005 முதல் ஒளிபரப்பான 'எஞ்சினியரிங் ஆன் எம்பயர்' ஆவணத் தொடரின் பெயரிலிருந்தே எடுக்கப்பட்டது. இதே காலத்தில் ஆக்டிவிஷன் நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் போர், பசிபிக் போர் ஆகியவற்றை வைத்து இந்தச் சேனலின் பெயரில் சுடும் வகை விளையாட்டுகளை வெளியிட்டது. அவை வியூக விளையாட்டுகள் அல்ல.

சிறிய நிறுவனத்துக்கு இத்தகைய பெயர் ஏன் தேவைப்பட்டது? அக்காலத்தில் விளையாட்டுகள் பெரும்பாலும் வட்டுகளாகக் கடை அலமாரியில் விற்பனையாயின. பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிட்டன. அறிமுகம் இல்லாத ஒரு பெயர் அந்த அலமாரியில் தொலைந்துபோகும். பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்று தயங்கி நிற்கும் பெற்றோரின் கண்ணில் ஹிஸ்டரி சேனலின் சின்னம் பட்டால், 'இதில் படிப்பும் இருக்கும்' என்ற நம்பிக்கை பிறக்கும். சேனலின் பெயர் ஒரு சான்றிதழைப் போல வேலை செய்தது. ஆனால் சான்றிதழை வழங்கியது கல்வி வாரியம் அன்று, பெயரை விற்ற ஒரு வணிக நிறுவனம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விளம்பர நேரமும் வருவாய்ப் பங்கும்

2010-ஐ ஒட்டி விளையாட்டு வணிகத்தின் முகம் மாறியது. வட்டு வாங்கத் தேவையில்லை. இணைய உலாவியிலோ கைப்பேசியிலோ இலவசமாகவே விளையாடத் தொடங்கலாம். விரைவாக முன்னேற விரும்புபவர் மட்டும் உள்ளே பணம் செலுத்துவார். விளையாடுபவர்களில் பெரும்பாலோர் காசு செலவிடுவதில்லை. சிலர் செலவிடுவதைக் கொண்டே முழு நிறுவனமும் இயங்க வேண்டும். எனவே இந்த வணிகத்தில் ஆள் சேர்ப்பதுதான் உயிர்நாடி. ஒரு புதிய விளையாட்டாளரைக் கொண்டுவர ஆகும் செலவைவிட, அவரிடமிருந்து சராசரியாகக் கிடைக்கும் வருவாய் கூடுதலாக இருந்தால் நிறுவனம் வாழும், குறைந்தால் வீழும்.

தொலைக்காட்சி விளம்பரத்தின் விலை இந்தக் கணக்கில் பெரும் சுமை. 2015 பிப்ரவரியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் ஒளிபரப்பில் முப்பது நொடி விளம்பரத்துக்கு ஏறத்தாழ 45 லட்சம் டாலர் கட்டணம். அந்த ஆண்டு 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்', 'கேம் ஆஃப் வார்' ஆகிய கைப்பேசி வியூக விளையாட்டுகள் இரண்டும் அங்கே விளம்பரம் செய்தன. எல்லா நிறுவனங்களாலும் இவ்வளவு செலவிட முடியாது.

இதற்கு ஒரு மாற்று வழி ஜெர்மனியில் பரவலாகப் பயன்பட்டது. தொலைக்காட்சியிடம் விற்பனையாகாத விளம்பர நேரம் எப்போதும் சிறிது மிஞ்சும். ஒளிபரப்பாமல் போன நொடிக்கு மதிப்பு இல்லை. அந்த நேரத்தை வளரும் நிறுவனத்துக்குக் குறைந்த தொகைக்கோ முன்பணம் இன்றியோ கொடுத்து, ஈடாக அதன் வருவாயில் ஒரு பங்கைப் பெறலாம். அல்லது நிறுவனத்தின் பங்குகளையே பெறலாம். ஜெர்மனியின் ப்ரோசீபன்ஸாட்.1 குழுமம் இணைய வணிக நிறுவனங்கள் பலவற்றுடன் இப்படி ஒப்பந்தம் செய்தது. விளையாட்டுகளுக்கெனத் தனிப்பிரிவையும் நடத்தியது.

இதனை நிலத்துக்கும் உழவுக்கும் உள்ள வார உறவோடு ஒப்பிடலாம். தரிசாகக் கிடக்கும் நிலத்தை உடையவர் அதை உழுபவரிடம் கொடுத்து, விளைச்சலில் பங்கு பெறுகிறார். இங்கே நிலம் என்பது விளம்பர நேரம். விளைச்சல் என்பது விளையாடுபவர்கள் செலுத்தும் பணம். மகசூல் பொய்த்தால் இருவருக்கும் இழப்பு.

தொலைக்காட்சி நிறுவனமே உரிமையாளர் ஆனபோது

கூட்டணியின் அடுத்த கட்டம் உரிமை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த இன்னோகேம்ஸ் நிறுவனம் வரலாற்றுச் சாயல் கொண்ட வியூக விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றது. பழங்கால கிரேக்கத்தை வைத்து 'கிரேபோலிஸ்', கற்காலம் தொடங்கிப் பிற்காலம் வரை ஒரு நகரை வளர்த்துச் செல்லும் 'ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆகியவை அதன் படைப்புகள். இரண்டாவது விளையாட்டு 2012-இல் வெளியானது. தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகவும் இது பரவலாக அறிமுகமானது.

சுவீடனின் மாடர்ன் டைம்ஸ் குரூப் தொலைக்காட்சியில் வளர்ந்த குழுமம். அது 2016-இல் இன்னோகேம்ஸ் நிறுவனத்தின் 35 விழுக்காடு பங்குகளை வாங்க உடன்பாடு செய்துகொண்டது. 2017-இல் தன் பங்கை 51 விழுக்காடாக உயர்த்திப் பெரும்பான்மை உரிமையாளர் ஆனது. பிறகு நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 2019-இல் அக்குழுமம் தன் தொலைக்காட்சித் தொழில்களைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. விளையாட்டும் இணையவழிப் போட்டிகளும் தாய் நிறுவனத்தில் தங்கின. தொலைக்காட்சிக் குழுமம் தனக்குத் துணையாக விளையாட்டைச் சேர்த்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்குள் தொலைக்காட்சி வெளியேறி, விளையாட்டே வீட்டுக்காரர் ஆகிவிட்டது. இளைஞர்களின் நேரம் தொலைக்காட்சியிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்த காலத்தின் அடையாளம் இது.

ஆவணப்படம் விளையாட்டுக்குள் வந்தது

2021 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4' இக்கூட்டணிகளுக்குப் புதிய வடிவம் தந்தது. நார்மானியர், நூறாண்டுப் போர், மங்கோலியப் பேரரசு, மாஸ்கோவின் எழுச்சி என நான்கு வரலாற்றுத் தொடர்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு போருக்கும் முன்னும் பின்னும் உண்மையான ஆவணப்படக் காட்சிகள் வருகின்றன. இன்றைய நிலையில் அந்தக் கோட்டைகளும் வயல்வெளிகளும் படம்பிடிக்கப்பட்டு, அவற்றின் மேல் பழைய படைவீரர்களின் உருவங்கள் பொன்னிறக் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. குறுக்குவில், கவசம், கல்லெறி பொறி ஆகியவை எப்படிச் செய்யப்பட்டன என்பதை விளக்கும் குறும்படங்களும் உண்டு. விளையாடிக்கொண்டே போனால் அவை ஒவ்வொன்றாகத் திறக்கும்.

இக்காட்சிகளைத் தயாரிப்பதில் பங்கேற்றது, 'டைம் கமாண்டர்ஸ்' நிகழ்ச்சியை உருவாக்கிய அதே லயன் டெலிவிஷன் நிறுவனம். 2003-இல் ஆவணப்படக்காரர்கள் விளையாட்டு நிறுவனத்திடம் போர்க்காட்சிகளைக் கேட்டுப் போனார்கள். 2021-இல் விளையாட்டு நிறுவனம் ஆவணப்படக்காரர்களைத் தேடி வந்தது.

வரலாறு எங்கே வளைகிறது?

வணிகமும் வரலாறும் கலக்கும்போது சில வளைவுகள் தோன்றுகின்றன. அவை எல்லாம் வேண்டுமென்றே செய்யப்படுபவை அல்ல. மென்பொருளின் எல்லையும் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பும் சேர்ந்து அவற்றை உண்டாக்குகின்றன.

முதலாவது, எண்ணிக்கை. கி.மு. 216-இல் நடந்த கன்னே போரில் ரோமானியர் சுமார் 86,000 பேர், கார்த்தேஜ் தரப்பில் சுமார் 50,000 பேர் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தரும் கணக்கு. அக்காலக் கணினியால் சில ஆயிரம் உருவங்களையே கையாள முடிந்தது. எனவே திரையில் தெரிவது சுருக்கப்பட்ட மாதிரி. மறுபுறம், பழைய நூல்களின் எண்களையும் அப்படியே ஏற்க முடியாது. கி.மு. 331-இல் நடந்த காகமேலா போரில் பாரசீகக் காலாட்படை பத்து லட்சம் என்று ஆரியன் எழுதினார். இன்றைய அறிஞர்கள் அதனை மிகப் பெரிதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, தோற்றம். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'ரோம்: டோட்டல் வார்' விளையாட்டின் எகிப்தியர். விளையாட்டு தொடங்கும் கி.மு. 270-இல் எகிப்தை ஆண்டவர்கள் கிரேக்க மொழி பேசிய தாலமி மரபினர். அவர்களுடைய படை மாசிடோனிய முறையில் நீண்ட ஈட்டிகளோடு போரிட்டது. விளையாட்டிலோ எகிப்தியப் படை அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தைய பாரோக்கள் காலத் தோற்றத்தில் தேர்களோடு வருகிறது. எகிப்து என்றதும் மக்கள் மனத்தில் எழும் படம் அதுதான் என்பதே காரணம் எனலாம்.

இது உடை பற்றிய சிறு பிழை என்று தோன்றலாம். ஆனால் இதனால் மறைந்துபோவது ஒரு பெரிய வரலாறு. கி.மு. 217-இல் ராபியா என்ற இடத்தில் நான்காம் தாலமிக்கும் சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸுக்கும் போர் நடந்தது. அந்தியோகஸிடம் 102 இந்திய யானைகளும் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகளும் இருந்தன. யானைப் படை தோற்றும் தாலமி வென்றார். அதற்கு, மாசிடோனிய முறையில் பயிற்சி பெற்ற 20,000 எகிப்தியக் குடிமக்களின் படை துணை நின்றது. அந்த வெற்றி எகிப்தியர்களுக்குத் தன்னம்பிக்கை அளித்தது என்றும், பின்னர் அவர்கள் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழ அது வழிவகுத்தது என்றும் பொலிபியஸ் எழுதுகிறார். அந்நியர் ஆட்சியில் ஆயுதம் ஏந்தக் கற்ற ஒரு மக்களின் கதை இது. அவர்களுக்குப் பாரோ காலத்து உடையை மாட்டிவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

இந்த விளையாட்டை நேசித்தவர்களே இத்தகைய பிழைகளைக் கண்டு, நூல்களைத் தேடிப் படித்து, திருத்திய வடிவங்களை ஊதியமின்றி உருவாக்கினார்கள். 'ரோம்: டோட்டல் ரியலிசம்', 'யூரோபா பார்பரோரம்' ஆகியவை அப்படிப் பிறந்தவை. விளையாட்டு ஒருவரை வரலாற்றிலிருந்து விலக்கவே செய்யும் என்ற கருத்துக்கு இது நல்ல மறுப்பு.

மூன்றாவது, தேர்வு. மென்பொருளில் எந்தப் படைகள் உள்ளனவோ அந்தப் போர்களைத்தான் தொலைக்காட்சி காட்ட முடியும். எனவே கிரேக்கமும் ரோமும் மீண்டும் மீண்டும் திரைக்கு வருகின்றன. சந்தை எங்கே இருக்கிறதோ அங்குள்ள வரலாறு முன்னால் நிற்கிறது. அண்மைக் காலத்தில் இது சற்று மாறி வருகிறது. 2022-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்னும் பிரிவும் இராசேந்திர சோழன் பற்றிய போர்த்தொடரும் இடம்பெற்றன. இந்தியச் சந்தை பெருகியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நம் வரலாறு விளையாட்டாகும்போது, எகிப்தியருக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம் என்பதால் கூடுதல் விழிப்பு தேவை.

நான்காவது, விடுபடுவன. பஞ்சம், நோய், ஊதியம் கிடைக்காத வீரர்களின் கலகம், எரிந்த ஊர்கள், அடிமைகளாக விற்கப்பட்ட குடும்பங்கள் ஆகியவை போரின் பெரும்பகுதி. இவற்றை விளையாட்டு எண்களாகச் சுருக்கும், அல்லது விட்டுவிடும். அதே காட்சிகளைக் கொண்டு எடுக்கப்படும் ஆவணப்படமும் படைகள் மோதும் சில மணி நேரத்தையே போர் என்று காட்டும்.

சட்டமும் விதிகளும்

நிகழ்ச்சி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதே பல நாடுகளின் பொது விதி. பிரிட்டனில் 2011 பிப்ரவரி 28 முதல், வணிகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கட்டணம் பெற்றுப் பொருள்களை இடம்பெறச் செய்யலாம் என்று அனுமதி அளிக்கப்பட்டது. அப்படிச் செய்தால் அதனை உணர்த்தும் அடையாளக் குறியைத் திரையில் காட்ட வேண்டும். செய்தி நிகழ்ச்சிகளிலும் குழந்தைகள் நிகழ்ச்சிகளிலும் இதற்கு இடமில்லை. பிபிசியின் உரிமக் கட்டண நிகழ்ச்சிகளுக்கும் அனுமதி இல்லை. அமெரிக்காவில், ஒளிபரப்புக்காகப் பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதனை அறிவிக்க வேண்டும் என்பது தகவல்தொடர்புச் சட்டத்தின் கட்டளை. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று கூறுகின்றன.

ஆனால் இவ்விதிகள் பணம் கைமாறுவதையே பெரிதும் கருதி எழுதப்பட்டவை. மென்பொருளைக் கொடுத்துக் காட்சியைப் பெறும் பண்டமாற்றில், காட்டப்படுவது பொருளா, கருவியா என்று பிரிப்பது எளிதன்று. விளையாட்டுக்குள் இருக்கும் ஆவணப்படத்துக்கோ தொலைக்காட்சி விதிகள் பொருந்துவதே இல்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

ஹிஸ்டரி டிவி18 என்ற பெயரில் இந்தச் சேனல் 2011-இல் இந்தியாவுக்கு வந்தபோது தமிழிலும் ஒலித்தது. இவ்வகை நிகழ்ச்சிகளும் விளையாட்டுகளும் தமிழ் மாணவர்களின் கைக்கு எட்டியவையே. அவற்றைப் பார்க்கும்போதும் விளையாடும்போதும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திரையில் தெரியும் படை எந்த ஆண்டைச் சேர்ந்தது, அந்த உடை அதே ஆண்டுக்கு உரியதா? சொல்லப்படும் எண்ணிக்கையை முதலில் எழுதியவர் யார், அவர் போரை நேரில் கண்டவரா, பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியவரா? போருக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் காட்டப்பட்டனவா? இந்த நிகழ்ச்சியால் எந்தப் பொருள் விற்பனையாகும்? அட்டையில் உள்ள சின்னம் அறிஞர் குழு பார்வையிட்டதைக் குறிக்கிறதா, பெயர் உரிமத்தை மட்டும் குறிக்கிறதா?

வகுப்பறையிலும் இதனைப் பயன்படுத்தலாம். ஒரு போரின் விளையாட்டுக் காட்சியை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, அதே போரைப் பற்றிய நூற்பகுதியைப் படிக்கச் செய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடச் சொல்லலாம். பிழை கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு எப்போதும் ஆர்வம் அதிகம். கன்னே, ராபியா ஆகிய இரண்டும் இப்பயிற்சிக்கு ஏற்றவை. இரண்டுக்கும் பொலிபியஸ் எழுதிய விவரங்கள் கிடைக்கின்றன.

தொலைக்காட்சியும் விளையாட்டும் சேர்ந்து வரலாற்றைப் பலரிடம் கொண்டு சேர்த்தன. கன்னே என்ற பெயரையே கேட்டிராத பலர் அவற்றால் அதனை அறிந்துகொண்டார்கள். அறிமுகம் செய்துவைப்பது அவற்றின் வேலை. அறிமுகமான ஒன்றைச் சரிபார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை படிப்பவருடையது.